ஒரு மணி நேரம் பழுதான ரேடார்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும் "கிடைத்தது, புரிந்தது, அப்படியே செய்கிறேன்" என்று சொல்லாமல் இருக்க முடியாது. அடுக்களையிலிருந்து என் கணவர் "உப்பு தீர்ந்துபோச்சு" என்று குரல் கொடுத்தால், குளியலறையிலிருந்து இந்த மூன்றையும் வரிசையாகக் கத்துவேன். உப்பு வீடு வந்து சேருமா என்பது வேறு கதை. இருபது வருடம் கடற்படையில் இருந்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். கடலில், ரேடியோவில் ஒருவர் பேசி மற்றவர் வாயைத் திறக்கவில்லை என்றால் செய்தி போய்ச் சேரவில்லை என்று பொருள். அதனால் பயிற்சியின் முதல் நாளிலேயே மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள்: பதில் சொல்.

இந்தப் பழக்கம்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஏழு நாடுகளின் ஒப்பந்தத்தையும், எனக்கு வரவிருந்த கப்பலையும் ஒரே அடியில் கவிழ்க்கப் பார்த்தது.

அப்போது நான் கடலிலேயே இல்லை. வெளியுறவு அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கமாண்டர், கடல் பாதுகாப்பு ஆலோசகர் என்று கதவில் பலகை. புயலில் ஒருமுறைகூட வாந்தி எடுக்காத எனக்கு, அசையாத அந்த அறையில் முதல் மாதம் முழுக்கத் தலை சுற்றியது.

என் மேலதிகாரியான இயக்குநர் தங்கமான மனிதர். ஆனால் கால்புள்ளிப் பைத்தியம். நான் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு தாளும் சிவப்புக் கால்புள்ளிகளோடு திரும்பி வரும். வீட்டில் அவர் பெயரே கால்புள்ளிதான். "இன்னிக்கு கால்புள்ளி எத்தனை போட்டார்?" என்று கேட்டுவிட்டுத்தான் என் கணவர் சாப்பிடவே உட்காருவார்.

கணவர் பல் டாக்டர். நாள் முழுக்க ஊர்க்காரர்கள் வாயைத் திறந்தபடி பேசாமல் கிடக்க, இவர் மட்டும் பேசுவார். வீட்டுக்கு வந்தாலும் அதே நினைப்புதான். ஆறு மாதமாக என்னை "கேப்டன்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஆகல. சும்மா சும்மா கூப்பிட்டு அதைக் கெடுத்துடாதீங்க."

"என் வாய் முகூர்த்தம் பலிக்கும், பாரு."

விஷயம் இதுதான். ஒரு கப்பலுக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பு எங்கள் படையில் நாற்பத்திரண்டு வயதுவரைதான். எனக்கு நாற்பத்திரண்டு நிறைய ஐந்து வாரம் இருந்தது. கப்பல் ஒதுக்கியாகிவிட்டது, அடுத்த மாதம் முதல் தேதி பொறுப்பேற்க வேண்டும். ஆனால் உத்தரவில் ஒரு வரி: ஒப்பந்த வேலை முடிந்த பிறகே அமைச்சகம் என்னை விடுவிக்கும். முடியாவிட்டால் கப்பல் அடுத்தவருக்கு. எனக்கு அந்த ஜன்னலும் கார்களும்தான்.

கப்பலுக்காக மட்டும் நான் அந்த ஒப்பந்தத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பதினாறு வருடத்துக் கணக்கு ஒன்று இருந்தது.

அன்று நான் லெப்டினன்ட். காலை எட்டு மணி வாட்ச், அதாவது மேல்தளத்தில் காவல் முறை, என்னுடையது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு மைல் தள்ளி ஒரு சிறிய சரக்குப் படகு சாய்ந்துகொண்டிருந்தது. பைனாகுலரில் ஆட்கள் தெரிந்தார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டே இருந்தார். நாங்கள் பதினைந்து நிமிடத்தில் போயிருக்கலாம். ஆனால் போர்க்கப்பல் அனுமதியில்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டினால் அது வேறு விவகாரம். எங்கள் கேப்டன் தலைமையகத்தைக் கேட்டார், தலைமையகம் அமைச்சகத்தைக் கேட்டது, அமைச்சகம் அந்த நாட்டுத் தலைநகரைக் கேட்டது. அங்கே யாரோ கூட்டத்தில் இருந்தார்களாம்.

அந்த நாட்டுக் கப்பல் நாற்பது மைலுக்கு அப்பால் இருந்தது. கேப்டன் தொலைபேசியும் கையுமாக நின்றதால், ரேடியோவில் நான் பேசினேன். பதில் சொன்ன குரல், பல நாள் ஜலதோஷம் பிடித்த குரல்.

"உங்களுக்கு அனுமதி தர்ற அதிகாரம் எனக்கு இல்ல" என்றது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அந்தக் குரல் தொண்டையைச் செருமியது. "இன்னொரு தகவல். எங்க ரேடார் இப்பத்தான் பழுதாச்சு. சரி பண்ண ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் எங்களுக்குத் தெரியாது. புரியுதா?"

"கிடைத்தது. புரிந்தது" என்றேன். நான் சொல்லி முடிக்குமுன் எங்கள் கேப்டன் கப்பலைத் திருப்பிவிட்டார்.

பதினோரு பேரையும் ஒரு பூனையையும் ஏற்றினோம். பூனையைத் தூக்கியது நான்தான். நன்றிக்குப் பதில் மணிக்கட்டில் பிறாண்டியது. ஐம்பது நிமிடத்தில் எங்கள் பக்கம் திரும்பிவிட்டோம். அனுமதி மாலை ஆறு மணிக்கு வந்தது.

ஏழு நாட்டு ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு இதைத்தான் சொன்னது: உயிர் ஆபத்து என்றால் யார் கப்பல் அருகில் இருக்கிறதோ அது கோட்டைத் தாண்டலாம், தகவல் சொன்னால் போதும், அனுமதி வேண்டியதில்லை. இந்த ஒற்றை வரிக்காக இரண்டு வருடம் பேசினோம்.

முதல் கூட்டத்தின் டீ இடைவேளையில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "சர்க்கரை எங்க இருக்கு?" என்று கேட்டது. அதே ஜலதோஷம்! திரும்பினால், கோட்டுக்கு அந்தப் பக்கத்து நாட்டின் கடற்படை ஆலோசகர். ஒல்லியான, நரைத்த, இஸ்திரி போட்ட முகம்.

நான் ஓடிப்போய், "சார், பதினாலு வருஷத்துக்கு முன்னாடி உங்க கப்பல்ல ரேடார் பழுதாச்சே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

அவர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "என்ன ரேடார்? எங்க கப்பல்ல ரேடார் ஒரு நாளும் பழுதானதே இல்ல மேடம்" என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அடுத்த கூட்டத்தில் கேட்டேன், அதற்கடுத்த கூட்டத்தில் கேட்டேன். அதே பதில், அதே முகம். பிறகு எனக்கே உறைத்தது. அந்நியப் போர்க்கப்பலை வேண்டுமென்றே உள்ளே விட்டேன் என்று ஒப்புக்கொண்டால் அவர் வேலையே போய்விடும். ஆனால் மூன்றாம் பிரிவு விவாதத்துக்கு வரும்போதெல்லாம் என்னைவிட அவர்தான் அதிகம் மல்லுக்கட்டினார்.

அந்த அரங்கத்தில் மாலுமிகள் நாங்கள் ஏழு பேர். தூதர்கள் ஒரு சொல்லுக்கு மூன்று நாள் அடித்துக்கொள்வார்கள். நாங்கள் பின்வரிசையில் கொட்டாவி விடுவோம். பொழுது போகாமல் எங்களுக்கு எண் வைத்துக்கொண்டோம். மேஜை வரிசைப்படி நான் ஒன்று, ஜலதோஷம் ஏழு. காலையில் உள்ளே நுழைந்ததும், கப்பல்களுக்கு ரேடியோவில் ஆஜர் எடுப்பதுபோல வரிசையாக எண் சொல்வோம். முறை தவறி முந்தினாலும் பிந்தினாலும் எல்லோருக்கும் டீ எடுத்துவருவது அவர் வேலை. ஆறாம் எண்காரர், எப்போதும் எங்கேயாவது காணாமல் போகிற குண்டு மனிதர், வாராவாரம் டீ சுமந்தார். ஏழு ஒருமுறைகூடச் சுமந்ததில்லை. முறை என்றால் அவருக்கு முறைதான்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

பகல் பன்னிரண்டு மணிக்கு, பேச்சுவார்த்தைத் தலைவரான அம்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இறுதி வரைவு. நான் நேராக மூன்றாம் பிரிவுக்குப் போனேன். ஒரு எழுத்துகூட மாறாமல் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கண் நிறைந்துவிட்டது. மணிக்கட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டேன். கடைசிப் பத்தியைப் படிக்கவில்லை. கை தானாக, 'எல்லோருக்கும் பதில்' பொத்தானை அழுத்தி எழுதியது: "ஒன்று. கிடைத்தது. புரிந்தது. அவ்வாறே செய்வோம்."

இரண்டு நிமிடத்தில் கால்புள்ளி என் கதவில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"கமாண்டர், என்ன பண்ணிட்டீங்க!"

"பதில் போட்டேன் சார்."

"அய்யோ, பதில்தான் போடக் கூடாது! கடைசிப் பத்தியைப் படிச்சீங்களா? வியாழக்கிழமை நண்பகல் வரைக்கும் யாரும் எதுவும் சொல்லலைன்னா ஒப்பந்தம் ஏத்துக்கிட்டதா அர்த்தம். இது மௌனக் கெடு. யாராவது வாயைத் திறந்தா மௌனம் கலைஞ்சதா கணக்கு!"

"நான் சரின்னுதானே சார் சொன்னேன்?"

"சரின்னு சொன்னாலும் சொன்னதுதான்!" நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "ஒரு நாடு எழுத்தில 'சரி'ன்னு சொல்ல பதினாலு மேஜை ஏறி இறங்கணும். மாசக்கணக்காகும். அதனாலதானே இந்த ஏற்பாடே பண்ணாங்க? சும்மா இருந்தா போதும்னு! உங்களால சும்மா இருக்க முடியலையா?"

முடியவில்லை. கடலில் சும்மா இருப்பவர்களை நாங்கள் தேடிக்கொண்டு போவோம்.

அதற்குள் என் கணினி 'டிங்' என்றது. "இரண்டு. கிடைத்தது. புரிந்தது. அவ்வாறே செய்வோம்." இன்னொரு 'டிங்'. மூன்று. பிறகு நான்கு. கொஞ்ச நேரத்தில் ஐந்து.

கால்புள்ளி எழுந்து நின்றுவிட்டார். "இது என்ன தொத்து வியாதியா?"

நான் ஆரம்பித்தேன் அல்லவா? ஒன்று குரல் கொடுத்தால் இரண்டு சும்மா இருக்குமா? ஏழு பேருக்கும் ஒரே இடத்தில்தான் குட்டு விழுந்திருக்கிறது.

இரண்டு மணிக்குத் தலைவர் அம்மாவின் கடிதம் வந்தது. "இருபது நிமிடத்தில் ஐந்து நாடுகள், சம்மதம் என்று சொல்லி மௌனத்தைக் கலைத்திருக்கின்றன. என் முப்பது வருடப் பணியில் இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை. கலைந்த மௌனம் செல்லாது. ஆகவே ஏழு நாடுகளும் இதே வார்த்தைகளில் எழுத்தில் சொன்னால் ஒப்பந்தத்தை ஏற்பேன். கெடு மாறாது: வியாழன் நண்பகல். இல்லையென்றால் அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்து."

ஆக, இன்னும் இரண்டு பேர். ஆறு, ஏழு. செவ்வாய் மாலைவரை காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. புதன் முழுக்க உட்கார்ந்திருந்தோம். கால்புள்ளி என் விசைப்பலகையைப் பிடுங்கித் தன் அறையில் பூட்டிவைத்தார், நான் கோபித்துக்கொள்ளவில்லை. போன் செய்து கேட்கலாமா என்றேன். கெடு ஓடும்போது ஒரு நாட்டோடு தனியாகப் பேசினால் அழுத்தம் கொடுத்தார்கள் என்று பழி வரும் என்றார்.

புதன் மாலை அவரே சொன்னார்: "ஏழாம் நாடு கையை விரிச்சிட்டாங்கன்னு நினைக்கிறேன் கமாண்டர். கோடு அவங்க பக்கத்துக் கோடு. யோசிக்கத்தானே செய்வாங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆறு மாதம் கழித்து நான் எங்கே, கப்பல் எங்கே! அதைவிட, ஜலதோஷத்தின் மேல்தான் கோபம். அன்று ரேடாரையே அணைத்த மனிதர், இன்று ஒரு வரி எழுத மாட்டாரா?

வியாழன் காலை பதினொன்றரைக்குக் கணவர் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்.

"என்ன கேப்டன், பதில் வந்துச்சா?"

"கேப்டனும் இல்ல, ஒண்ணும் இல்ல. வைங்க போனை."

"சரி, அழாதே. ஒரு ஜோக் கேளு. இங்க ஆறாம் டோக்கன் ஆளைக் காணோம். ஏழாம் டோக்கன் எதிர்லயே உட்கார்ந்திருக்கார், கன்னம் இட்லி மாதிரி வீங்கியிருக்கு. நாற்காலி காலியாத்தான் இருக்கு, வாங்கன்னு கையைக் காட்டறேன், வரமாட்டேங்கறார். 'ஆறு வரலைன்னு சொல்லிட்டு என் நம்பரைக் கூப்பிடுங்க'ங்கறார். என்ன மனுஷன்!"

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"என்னாச்சு? ஹலோ?"

"உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கால்புள்ளி தன் அறையில் வருத்தக் கடிதம் தயாரித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஏழு மறுக்கல. தன் முறைக்குக் காத்திருக்கார்! பாருங்க, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, வரிசையா வந்திருக்கு. ஆறு இன்னும் பேசல. ஆறு பேசாம ஏழு பேச மாட்டார். செத்தாலும் பேச மாட்டார்!"

"கமாண்டர், இது நாடுகளுக்கு இடையில நடக்கற..."

"அவர் மாலுமி சார். ஆஜர் எடுக்கும்போது ஒரு கப்பல் பதில் சொல்லலைன்னா, முதல் கப்பல் 'அது கேட்கலை'ன்னு அறிவிச்சு அடுத்ததைக் கூப்பிடணும். முதல் கப்பல் நான். நான்தான் கூப்பிடாம விட்டேன். தப்பு என்னுது. எல்லாருக்கும் தெரியறமாதிரி ஒரே ஒரு வரி. அழுத்தம்னு யாரும் சொல்ல முடியாது. என் விசைப்பலகையைக் கொடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது. இரண்டு வருடத்தில் மூன்று பத்திக்குக் குறைந்து ஒரு கடிதம்கூட எழுதாதவர், தன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க. நானே அடிக்கிறேன். போனா என் தலை போகட்டும்."

"ஒன்று பேசுகிறேன். ஆறிடமிருந்து எதுவும் கேட்கவில்லை. ஏழு. உங்கள் முறை."

அடித்தார். 'ஆறிடமிருந்து' என்ற இடத்தில் விரல் ஒரு நொடி தயங்கியது. கால்புள்ளி போடாமலே அனுப்பிவிட்டார். அந்த நொடியிலிருந்து அவரை வீட்டில் நாங்கள் இயக்குநர் என்றுதான் சொல்கிறோம்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஏழு. கிடைத்தது. புரிந்தது. அவ்வாறே செய்வோம்."

நான் கத்திய கத்தலில் எதிர் அறை ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆறு?" என்றார். நாற்பத்தைந்து. ஐம்பது. ஐம்பத்தைந்து. அவர் நகத்தைக் கடித்தார். நான் அவர் மேஜையில் இருந்த காகிதக் கிளிப்புகளை எல்லாம் நிமிர்த்தி முடித்தேன். ஐம்பத்தேழுக்கு வந்தது.

"ஆறு. கிடைத்தது. புரிந்தது. அவ்வாறே செய்வோம். தாமதத்துக்கு மன்னிக்கவும், இரண்டு நாளாகக் கடைவாய்ப் பல். இப்போதுதான் பிடுங்கினார்கள். டீ நான் எடுத்துவருகிறேன்."

பல் டாக்டர்களே, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் நன்றாக இருங்கள்!

பன்னிரண்டு மணிக்குத் தலைவர் அம்மா எழுதினார்: "யாரும் பேசாததால் நிறைவேறிய ஒப்பந்தங்கள் பல பார்த்திருக்கிறேன். எல்லோரும் பேசி நிறைவேறிய முதல் ஒப்பந்தம் இது. ஏற்கப்பட்டது. வாழ்த்துகள்."

இயக்குநர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை. பிறகு இழுப்பறையைத் திறந்து, இரண்டு நாளாகப் பூட்டிவைத்திருந்த விசைப்பலகையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "எடுத்துக்கோங்க கேப்டன்" என்றார். என் கணவர் அல்லாமல் முதன்முதலாக அப்படிக் கூப்பிட்டவர் அவர்தான்.

என் அறைக்கு வந்து விசைப்பலகையை மாட்டினேன். கணவருக்கு ஒரு செய்தி அனுப்ப உட்கார்ந்தபோது, திரையில் இன்னொரு மின்னஞ்சல் நின்றது. எனக்கு மட்டும் வந்தது. ஏழிடமிருந்து. ஒரே வரி.

"பதினாறு வருடமாகப் பழுதாக இருந்த எங்கள் ரேடார் இன்று சரியாகிவிட்டது."

இனி அந்தக் கடலில் யாரும் யாருக்காகவும் பொய் சொல்ல வேண்டியதில்லை. முகமெல்லாம் நனைந்து, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மேல்கோட்டை மாட்டிக்கொண்டு மதிய உணவுக்குக் கிளம்பிய இயக்குநர் என் தோளுக்கு மேல் குனிந்து படித்தார். அவர் முகம் மறுபடி வெளுத்தது.

"ரேடாரா? என்ன ரேடார்? கமாண்டர், இது ஆட்சேபம் இல்லையே?"

"இல்ல சார். இதுக்கு நான் பதில் போடலாமா?"

கதை ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் என் நாற்காலியை மேஜையோடு நெருக்கித் தள்ளிவிட்டார்.

"போடுங்க. தாராளமா போடுங்க."

நான் எழுதினேன்: "கிடைத்தது. புரிந்தது."